சொல்பவன் கவனிக்காமல் கடந்தவை: ஜீன் வுல்ஃபின் நாவலும் மறைபொருள் வாசிப்பும்

கடினமான நாவல்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, முதல் பக்கத்திலேயே தன் கடினத்தைச் சொல்லிவிடும். நீண்டு சுழலும் வாக்கியங்கள், முன்பின்னான காலம், யார் பேசுகிறார் என்று தெரியாத உரையாடல் என்று அது நம்மை எச்சரித்துவிடும். இன்னொரு வகை எளிதாக ஓடும். பயணம், காதல், வாள் சண்டை எல்லாம் இருக்கும். படித்து முடித்த பிறகுதான், இதுவரை படித்தது வேறொரு கதையோ என்ற ஐயம் எழும். அமெரிக்க எழுத்தாளர் ஜீன் வுல்ஃப் எழுதிய 'தி புக் ஆஃப் தி நியூ சன்' இந்த இரண்டாம் வகையின் உச்சம். 1980க்கும் 1983க்கும் இடையில் நான்கு பாகங்களாக வந்த இந்த நாவல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். அதன் தொடர்ச்சியாக 'தி உர்த் ஆஃப் தி நியூ சன்' 1987இல் வந்தது. முதல் பாகம் உலக மிகுபுனைவு விருதையும் இரண்டாம் பாகம் நெபுலா விருதையும் பெற்றன.

விருதுகளைவிட முக்கியமானது, இந்த நூல் எழுப்பிய வாசிப்புக் கேள்வி. உள்ளே ஏதோ ஒளிந்திருக்கிறது என்று தெரிந்த நாவலை எப்படி வாசிப்பது? புதிர்களை அவிழ்ப்பதுதான் வாசிப்பா? அவிழ்க்காமல் கதையை ரசித்தவர் அரைகுறை வாசகரா? அவிழ்த்தவர் கையில் கடைசியில் என்ன மிஞ்சுகிறது? நாற்பது ஆண்டுகளாக விமர்சகர்களும் வாசகர்களும் இதற்குப் பல விடைகள் தந்திருக்கிறார்கள். அந்த விடைகளை வகைப்படுத்தி, ஒவ்வொன்றும் எதுவரை நம்மை அழைத்துச் செல்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் நிலைப்பாடு இதுதான்: இந்த நாவலின் மறைபொருள் பக்கத்திலேயே வெளிப்படையாக இருக்கிறது. கதை சொல்பவன் அதைக் கவனிக்காமல் கடந்துபோவதால்தான் அது மறைந்திருக்கிறது. ஒரு மனிதரின் துயரத்தை நமக்குக் காட்டித்தரும் விடையே இங்கு மதிப்புள்ள விடை.

பொறியாளர் எழுதிய நாவல்

வுல்ஃப் 1931இல் புரூக்ளினில் பிறந்தார், டெக்சாஸின் ஹியூஸ்டனில் வளர்ந்தார். கொரியப் போரில் சிப்பாயாக இருந்தார். இயந்திரப் பொறியியல் படித்து, பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் சேர்ந்து, பிரிங்கிள்ஸ் சிப்ஸைப் பொரிக்கும் இயந்திரத்தை உருவாக்கியதில் பங்கெடுத்தார். பிறகு 'பிளான்ட் எஞ்சினியரிங்' என்ற தொழில்துறை இதழில் ஆசிரியர் குழுவில் இருந்தார். நான்கு பாகங்களையும் அந்த வேலையில் இருந்துகொண்டே எழுதி முடித்தார். 1984இல்தான் முழுநேர எழுத்துக்கு வந்தார். கத்தோலிக்கத்துக்கு மாறி, கடைசிவரை அந்த நம்பிக்கையோடு வாழ்ந்தவர். 2019இல் மறைந்தார்.

நாவலின் தொடக்கமும் வேடிக்கையானதுதான். ஒரு ரசிகர் மாநாட்டில் உடை அலங்காரம் பற்றிய உரையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, தன் பாத்திரம் எதுவாகவும் யாரும் வேடம் போட்டதில்லையே என்று வுல்ஃபுக்குத் தோன்றியிருக்கிறது. வெறும் மார்பு, கரிய மேலங்கி, முகமூடி, பெரிய வாள்: யாரும் எளிதாகப் போடக்கூடிய அந்த வேடம்தான் செவேரியன் என்ற தண்டனையாளனாக வளர்ந்தது. முதல் பாகம் அச்சுக்குப் போகும் முன்பே நான்கு பாகங்களின் வரைவுகளும் அவர் கையில் இருந்தன. முதல் பாகத்தில் ஒரு வரியில் வரும் கிழவன் நான்காம் பாகத்தில் யாராகத் தெரிவான் என்பதை அறிந்தே அவரால் எழுத முடிந்தது. எந்த உறுப்பும் வேலையில்லாமல் நிற்காத இயந்திரத்தின் ஒழுங்கு இந்தக் கட்டமைப்பில் தெரிகிறது.

கதை, சூரியன் அணைந்துகொண்டிருக்கும் மிகத் தொலைவான எதிர்காலத்தில் நடக்கிறது. நெஸ்ஸஸ் என்ற பெருநகரின் கோட்டைக்குள் தண்டனையாளர் சங்கம் ஒன்று. அங்கே அனாதையாக வளரும் செவேரியன், தெக்லா என்ற கைதியை நேசிக்கிறான். சித்திரவதை தொடங்கிய பிறகு அவள் தன்னை மாய்த்துக்கொள்ள ஒரு கத்தியைக் கொடுத்துவிடுகிறான். தொழிலுக்குத் துரோகம் செய்ததற்காக த்ராக்ஸ் என்ற தொலைதூர ஊருக்கு அனுப்பப்படுகிறான். போகும் வழியில் இறந்தோரை எழுப்பும் சக்தி கொண்டதாகச் சொல்லப்படும் ஒரு ரத்தினக் கல் அவன் கைக்கு வருகிறது. கடைசியில் அவன் அந்நாட்டின் பேரரசனாகிறான். இதெல்லாம் அவனே எழுதும் தன்வரலாறு. தனக்கு மறதியே கிடையாது என்று தொடக்கத்திலேயே சொல்லிக்கொள்கிறான். வாசகர் மனத்தில் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது இந்தக் கூற்றைத்தான். எல்லாம் நினைவிருப்பவனுக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும் என்றில்லை.

அருகில் நின்று பார்த்தால்

இரண்டு இடங்களைக் கூர்ந்து பார்க்கலாம். முதல் பாகத்தின் ஆரம்பத்தில், கோட்டைக்குள் ருடசிண்ட் என்ற முதியவர் ஏணியில் ஏறி ஒரு பழைய ஓவியத்தின் அழுக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். வெறிச்சோடிய நிலத்தில் கவசம் அணிந்த ஒருவன் நிற்கிறான். கையில் விறைப்பான கொடி. தலைக்கவசத்தின் முகப்பு முழுக்கத் தங்கம், அதில் கண்ணுக்கான துளைகூட இல்லை. அந்தத் தங்கப் பரப்பில் பாழ்நிலம் மட்டும் பிரதிபலிக்கிறது. 1969இல் நிலவில் எடுக்கப்பட்ட விண்வெளி வீரரின் புகைப்படத்தைப் பார்த்திருக்கும் எவருக்கும் இது என்னவென்று தெரியும். ஓவியத்தில் இருப்பது நிலவுதான் என்று முதியவரும் சொல்கிறார். ஆனால் செவேரியனின் காலத்து நிலவு காடு வளர்ந்து பச்சையாக இருக்கிறது. அவனுக்கு அந்தக் கவச வீரன் யாரென்றே தெரியாது. ஏன் என்று விளங்காமல் மனம் கலங்கி நகர்ந்துவிடுகிறான். மனித வரலாற்றின் ஒரு பெரும் தருணம் அதைச் செய்தவர்களின் வாரிசுகளுக்கே அடையாளம் தெரியாமல் போன சோகம் அங்கே இருக்கிறது. அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. இந்த ஒரு பக்கம் பிடிபட்ட வாசகர், தண்டனையாளர்கள் வாழும் கோபுரத்தின் உலோகச் சுவர்களையும் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்குவார். அந்தக் கோபுரம், ஒரு காலத்தில் பறந்த விண்கலம்.

இரண்டாம் இடம் இன்னும் நெருக்கமானது. நகரின் தாவரத் தோட்டத்தில், இறந்தவர்களை ஈயக் குண்டு கட்டி அமிழ்த்தும் ஓர் ஏரி இருக்கிறது. அங்கே ஒரு கிழவன் படகில் திரிகிறான். பல ஆண்டுகளுக்கு முன் இறந்த இளம் மனைவியின் உடலைத் தேடுகிறான். சற்று நேரத்தில் செவேரியன் ஏரியில் விழ, தண்ணீருக்குள் ஒரு கை அவன் கையில் படுகிறது. கரையேறும்போது டோர்காஸ் என்ற பெண்ணும் அவனோடு இருக்கிறாள். முன்வாழ்வு எதுவும் அவளுக்கு நினைவில்லை. பிறகு ஒரு விடுதியில், பரிமாறும் நடுவயதுக்காரர் ஒரு சீட்டை இரகசியமாக வைத்துவிட்டுப் போகிறார். இறந்துபோன தன் தாயே திரும்பி வந்திருப்பதாக அதில் எழுதியிருக்கிறார். சீட்டு யாருக்கு என்று செவேரியன் குழம்புகிறான், பிறகு சாகசம் அவனை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

மூன்றாம் பாகத்தில் டோர்காஸ் ஈயக் குண்டுகளை வாந்தியெடுக்கிறாள். நான்காம் பாகத்தில் ஒரு பாழடைந்த வீட்டில், இறந்த கிழவன் ஒருவனின் அருகில் அவள் மண்டியிட்டிருப்பதை செவேரியன் தொலைவிலிருந்து பார்க்கிறான். கடைசியில் அந்த விடுதி ஊழியரைத் தேடிப்போகிறான். அவரிடம் தாயின் படம் இருக்கிறது. ஒரு காலத்தில் தான் நேசித்து இழந்த பெண்ணைப் பற்றியும் அவர் சொல்கிறார். துண்டுகளைச் சேர்த்தால் அந்த ஊழியர் செவேரியனின் தந்தை, டோர்காஸ் அவனுடைய பாட்டி. அவன் காதலியாகக் கொண்டது அவளைத்தான். படகுக் கிழவன் ஆண்டுக்கணக்காகத் தேடிய மனைவி, அவன் கண்ணெதிரிலேயே எழுந்துவந்தும் அவனுக்குக் கிடைக்கவில்லை.

பெயரிலேயே இதற்குத் துப்பு இருந்தது என்பதைத் தமிழ் விவிலியம் படித்தவர்கள் உடனே உணர்வார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரத்தில் யோப்பா ஊரில் இறந்து, பேதுருவின் ஜெபத்தால் உயிர்த்தெழும் தொற்காள்தான் இந்த டோர்காஸ். நாவலின் மனிதப் பாத்திரங்களுக்குப் பெரும்பாலும் புனிதர்களின் பெயர்களையே வுல்ஃப் வைத்திருக்கிறார்.

நான்கு வாசிப்பு வழிகள்

இத்தகைய நூலுக்கு வாசகர்கள் எடுத்த வழிகளை நான்காகப் பிரிக்கலாம்.

முதல் வழி, கதையோடு போவது. புரியாதவற்றைப் புரியாமலே விட்டு, மொழியின் கனத்திலும் காட்சிகளின் வியப்பிலும் திளைப்பது. இதை எளிய வாசிப்பு என்று தள்ள முடியாது. 1970இல் வெளிவந்த தன் புகழ்பெற்ற நூலில் ஸ்வெதான் தொடோரோவ், நடப்பது இயற்கையா இயற்கையை மீறியதா என்ற தயக்கத்தில்தான் மிகுபுனைவு உயிர் வாழ்கிறது என்றார். மந்திரமா, மறந்துபோன தொழில்நுட்பமா என்று தெரியாமல் ஒவ்வொரு அத்தியாயத்திலும் நிற்கும் முதல் வாசகர், அந்தத் தயக்கத்தை முழுமையாக அனுபவிக்கிறார். விடை தெரிந்தவருக்கு அந்த அனுபவம் மறுபடி கிடைக்காது.

இரண்டாம் வழி, துப்பறிவது. விமர்சகர் ஜான் க்ளூட் தொடக்க காலத்திலேயே செவேரியனின் குடும்ப உறவுகளைத் துருவினார். மைக்கேல் ஆந்த்ரே-டிரியூசி 1994இல் இந்த நாவலுக்கென்றே 'லெக்சிகன் உர்தஸ்' என்ற அகராதியை வெளியிட்டார். ராபர்ட் போர்ஸ்கி 2004இல் புதிர்களுக்காகவே ஒரு நூல் எழுதினார். வுல்ஃப் பயன்படுத்திய விநோதச் சொற்கள் பெரும்பாலும் கற்பனை அல்ல, கிரேக்க, இலத்தீன வேர்களிலிருந்து வந்த பழஞ்சொற்கள் என்பதால் அகராதியோடு வாசிப்பதற்குப் பலன் உண்டு. இவர்கள் உழைப்பு இல்லாவிட்டால் நூலின் பாதி அழகு பலருக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆனால் இந்த வழியில் ஓர் ஆபத்து இருக்கிறது. பாத்திரங்கள் மனிதர்களாக இருப்பது நின்று, குறுக்கெழுத்துக் கட்டங்களாகிவிடுவார்கள்.

மூன்றாம் வழி, சமய வாசிப்பு. வுல்ஃபே இதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்தார். இயேசு தச்சர் என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் அவர் தன் கையால் செய்ததாக நற்செய்தி குறிப்பிடும் ஒரே பொருள் ஆலயத்தில் வியாபாரிகளை விரட்டிய சவுக்குதான் என்று ஒரு கட்டுரையில் சுட்டிக்காட்டினார். வலியைக் கொடுப்பவனும் வலியை ஏற்பவனும் ஒருவனாக முடியுமா என்ற கேள்வி அங்கிருந்து பிறக்கிறது. இறந்த தெக்லாவின் உடலை ஒரு விநோத மருந்தோடு உண்ணும் சடங்கில் செவேரியன் பங்கெடுக்கிறான். அதன் பிறகு அவள் நினைவுகள் அவனுக்குள் வாழ்கின்றன. நற்கருணையின் இருண்ட நிழல் அது. தன்னால் காப்பாற்ற முடியாதவளைத் தனக்குள் சுமந்து திரிவதுதான் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக மனிதனாக்குகிறது.

நான்காம் வழி, நம்ப மறுப்பது. பீட்டர் ரைட் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நாவலின் சமயப் பூச்சே ஒரு பொறி என்று வாதிட்டார். செவேரியனைத் தேர்ந்தெடுத்து வழிநடத்துவது வேற்றுலக சக்திகள். தங்கள் இருப்பை உறுதிசெய்துகொள்ள அவர்கள் ஒரு மீட்பரைத் தயாரிக்கிறார்கள். செவேரியன் ஏமாந்ததுபோலவே வாசகரும் ஏமாறுகிறார் என்பது அவர் வாதம். 1961இல் வெய்ன் பூத் 'நம்பத்தகாத கதைசொல்லி' என்ற கருத்தை விமர்சனத்துக்குள் கொண்டுவந்த பிறகு, இத்தகைய வாசிப்புக்கு வலுவான அடித்தளம் உண்டு. அற்புதங்களுக்குப் பின்னால் இயங்கும் ஏற்பாடுகளை நாவலே பல இடங்களில் காட்டவும் செய்கிறது.

மூன்றாம் வழியும் நான்காம் வழியும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றலாம். நாவல் இரண்டையும் ஒரே காட்சியில் தாங்குகிறது. உயிர்ப்பிக்கும் அந்த ரத்தினக் கல் ஒரு சண்டையில் உடைந்துபோகிறது. உள்ளே இருந்தது ஒரு முள் மட்டுமே. பின்னர் கடற்கரையில் ஒரு சாதாரணப் புதர் அவனைக் குத்த, அதே மாதிரி முள்ளை அதிலிருந்து எடுக்கிறான். ஏமாற்றப்பட்டோம் என்று நினைக்க எல்லாக் காரணமும் இருக்கும் அந்த இடத்தில், எல்லா முள்ளும் எல்லா மண்ணும் புனிதமே என்ற முடிவுக்கு வருகிறான். புனிதப் பொருளின் மேல் பூசிய மினுக்கம் போனது, புனிதம் போகவில்லை. மறைபொருளைப் பற்றி நாவல் வைத்திருக்கும் கருத்தும் இதுவே என்று கருதுகிறேன். விலையுயர்ந்த பேழைக்குள் தேடியது வழியோரப் புதரிலேயே இருந்தது.

எதுவரை தோண்டலாம்?

பொருள் தேடுவதற்கு எல்லை உண்டா என்பது பழைய வழக்கு. 1979இல் ஃபிராங்க் கெர்மோட், மாற்கு நற்செய்தியை மையமாகக் கொண்டு எழுதிய நூலில், மறைபொருள் உள்ள எழுத்து வாசகர்களை உள்ளே இருப்பவர், வெளியே நிற்பவர் என்று பிரிக்கிறது என்றும், உள்ளே இருப்பதாக நினைப்பவரும் பெரும்பாலும் வெளியேதான் நிற்கிறார் என்றும் காட்டினார். 1990இல் கேம்பிரிட்ஜில் நிகழ்த்திய உரைகளில் உம்பர்த்தோ எக்கோ, பிரதியின் ஒழுங்குக்குப் பொருந்தாத விளக்கங்களை மிகைவிளக்கம் என்று ஒதுக்கினார். அதே மேடையில் ஜோனத்தன் கல்லர், மிகைவிளக்கம்தான் நாம் கேட்கத் தவறிய கேள்விகளைக் கேட்க வைக்கிறது என்று எதிர்வாதம் வைத்தார்.

நம் மரபில் இந்த விவாதத்துக்கு உறுதியான ஒரு நிலைப்பாடு உண்டு. தொல்காப்பியம் சொல்லும் உள்ளுறை உவமத்திலும் இறைச்சியிலும், மருத நிலத்தில் எருமை பூவை மேய்வதைப் பற்றிப் பேசினாலும் அங்கே சொல்லப்படுவது தலைவனின் பரத்தமை. ஆனால் அந்த உட்பொருள் பேசுபவரின் நிலையிலிருந்து பிறக்கிறது. தலைவியாலோ தோழியாலோ நேராகச் சொல்ல முடியாத வலி ஒன்று இருப்பதால்தான் எருமை அங்கே வருகிறது. யார், யாரிடம், எந்த நிலையில் பேசுகிறார் என்று கேட்காமல் உள்ளுறை காண முடியாது.

இந்த அளவுகோலை வுல்ஃபுக்கும் வைத்துப் பார்க்கலாம். ஒரு விளக்கம் ஏற்கத்தக்கதாக மூன்று தகுதிகள் வேண்டும். ஒன்று, பக்கத்திலேயே ஏதோ ஒன்று உறுத்த வேண்டும். யாருக்கு என்று தெரியாத சீட்டு, காரணமில்லாமல் மனத்தைக் கலக்கும் ஓவியம் போல. இரண்டு, அந்த விடை வேறு இடங்களையும் விளக்க வேண்டும். டோர்காஸின் உறவு தெரிந்ததும் ஏரி, ஈயக் குண்டுகள், பாழ்வீடு, படம் எல்லாம் ஒன்றாகக் கோத்துக்கொள்கின்றன. மூன்று, விடை தெரிந்த பிறகு ஒரு மனிதர் மேல் நமக்குள்ள உணர்வு மாற வேண்டும். முதல் வாசிப்பில் உளறும் கிழவனாகத் தெரிந்த படகுக்காரர், இரண்டாம் வாசிப்பில் நாவலிலேயே மிகப் பெரிய இழப்புக்கு ஆளானவர். செவேரியனுக்கு ஓர் உடன்பிறந்தவள் உண்டா, யார் அவள் என்று வாசகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். சொல்லப்பட்ட விடைகளில் பல முதல் தகுதியைத் தாண்டுகின்றன. மூன்றாவதில் பெரும்பாலானவை நின்றுவிடுகின்றன.

விளக்கம் என்ற செயலையே நாவல் ஓரிடத்தில் கதையாக்கியிருக்கிறது. நான்காம் பாகத்தில் போர்க்கால மருத்துவமனை ஒன்றில் காயம்பட்டவர்கள் கதைப் போட்டி நடத்துகிறார்கள். அவர்களில் ஒருவன் எதிரி நாட்டுக் கைதி. அரசு அங்கீகரித்த வாக்கியங்களைத் தவிர வேறு எதையும் பேச அவன் மக்களுக்கு அனுமதியில்லை. அந்த வாசகங்களை மட்டும் அடுக்கி, அநீதி இழைக்கப்பட்டு நியாயம் கேட்டு மறுபடி மறுபடி தலைநகருக்கு நடக்கும் ஓர் உழவனின் கதையை அவன் சொல்கிறான். ஃபோய்லா என்ற பெண் ஒவ்வொரு வாசகத்துக்கும் பொருள் சொல்லிக்கொண்டே வருகிறாள். கொள்கை முழக்கங்களுக்குள் ஒரு மனிதனின் வலியை அடைத்துவிடலாம், அழித்துவிட முடியாது என்பதை இந்த அத்தியாயம்போல் சொன்ன எழுத்து அரிது. ஃபோய்லா வாசிப்பது ஒரு மனிதனின் தேவையை நோக்கி. அதனால்தான் அவள் விளக்கத்தை நம்புகிறோம்.

நியாயமான எதிர்ப்புகள்

இந்த நாவலை நேசிப்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய விமர்சனங்களும் உண்டு. பெண்கள் பெரும்பாலும் செவேரியனின் இச்சை வழியாகவே காட்டப்படுகிறார்கள். ஜோலென்டா என்ற அழகி அவமதிக்கப்பட்டு அழிவது இரக்கத்தைக் கேட்கிறது, ஆனால் கதை அவளுக்குச் சொந்தக் குரல் தருவதே இல்லை. அது செவேரியனின் குறை, ஆசிரியரின் குறை அல்ல என்பது வழக்கமான பதில். இந்தப் பதில் அளவுக்கு மீறி வசதியானது. நம்பத்தகாத கதைசொல்லி என்ற கருவி எல்லாப் பிழைகளையும் விழுங்கிவிட்டால், நூலை மதிப்பிடவே வழியில்லாமல் போகும். செவேரியன் பார்க்காததை நாம் பார்க்கும்படி பக்கம் ஏதாவது விட்டுவைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டும். தெக்லா, டோர்காஸ் விஷயத்தில் நிறையவே விட்டுவைத்திருக்கிறது. ஜோலென்டா விஷயத்தில் மிகக் குறைவு. அங்கே குறை வுல்ஃபுடையது.

இன்னோர் எதிர்ப்பு, நூல் வாசகரிடம் அளவுக்கு அதிகமாகக் கேட்கிறது என்பது. ஆயிரம் பக்கங்களை இரண்டு முறை படி என்று சொல்வது சிறிய கோரிக்கை அல்ல. ஆனால் இந்த நூலின் பொருளே மறுவாசிப்போடு கட்டப்பட்டிருக்கிறது. தெரிந்தவர்களைத் தெரியாதவர்களாகக் கடந்துபோன ஒருவனின் வரலாறு இது. முதல் வாசிப்பில் நாமும் அவனோடு சேர்ந்து அவர்களைக் கடந்துபோகிறோம். இரண்டாம் வாசிப்பில் அவனால் முடியாத ஒன்று நமக்கு முடிகிறது: அவர்களிடம் நிற்க முடிகிறது. இந்த அனுபவத்தைச் சுருக்கமோ கையேடோ தராது.

எப்படித் தொடங்குவது?

புதிதாக வருபவருக்குச் சில பரிந்துரைகள். முதல் முறை கையேடு, அகராதி, இணைய விளக்கம் எதுவும் வேண்டாம். தெரியாத சொல் வந்தால், சூழலிலிருந்து கிடைக்கும் அளவு போதும் என்று மேலே செல்லலாம். மர்மம் எங்கே என்று தேடாமல், செவேரியன் அவசரமாக முடித்துவிடும் பத்திகள் எங்கே என்று மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டு போகலாம். அவன் பெருமையாக விவரிக்கும் இடங்களைவிட, சட்டென்று பேச்சை மாற்றும் இடங்களே பெறுமதியானவை. இரண்டாம் முறை, சிறிய பாத்திரங்களின் பின்னால் நடக்க வேண்டும்: பரிமாறுபவர், படகோட்டி, ஓவியம் துடைப்பவர், செவேரியனின் சங்கத்து ஆசான்கள். மற்றவர்களின் ஆய்வுகளை அதற்குப் பிறகு படித்தால், அவற்றோடு சண்டையிடவும் நமக்குச் சொந்தமாக ஏதாவது இருக்கும்.

மறைபொருள் நிறைந்த எல்லா நூலுக்கும் இந்த உழைப்பு தகும் என்று சொல்லமாட்டேன். குழப்பத்தையே ஆழமாகக் காட்டும் நூல்கள் ஏராளம். உழைப்புக்குத் தகுந்த நூலைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு: அவிழ்த்த முடிச்சுக்குள் ஒரு தகவல் இருக்கிறதா, ஒரு மனிதர் இருக்கிறாரா என்று பார்ப்பது. வுல்ஃபின் நாவலில் முக்கியமான முடிச்சுகள் ஒவ்வொன்றிலும் மனிதர் இருக்கிறார். தாயைத் தேடும் மகன், மனைவியைத் தேடும் கிழவன், தன் துயரைச் சொல்லத் தடைசெய்யப்பட்ட கைதி. அவர்களைக் கண்டுகொண்ட வாசகர் புதிரை முழுதாக அவிழ்க்காவிட்டாலும் நாவலை வாசித்துவிட்டார். எல்லாப் புதிரையும் அவிழ்த்தும் அவர்களைக் காணாதவருக்கு, வாசிப்பு இன்னும் பாக்கியிருக்கிறது.